ஆறு மீட்டர் துணியின் மறுமுனை

வியாழன், அமிர்தசரஸ்

"ஏழு எடுத்துவிடலாம், வாரத்துக்கு ஏழு நாள்" என்றார் அம்மா. "இரண்டு போதும்" என்றான் மகன். கட்ரா ஜைமல் சிங் துணிக்கடைத் தெருவில் ஒரு பழைய கடை. வெள்ளை விரித்த மெத்தையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, எடுத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அடுக்கில் தலைப்பாகைத் துணிகள் கூரை வரைக்கும் இருந்தன. கருநீலம், கேசரி, மெரூன், பாதாம் பருப்பின் நிறம், கடுகுப்பூ மஞ்சள். எல்லாம் வாயில் (voile) என்ற மெல்லிய பருத்தித் துணி. பஞ்சாபில் ஆள் உயரத்துக்கும் கட்டும் பாணிக்கும் ஏற்ப ஐந்து முதல் ஏழு மீட்டர் வரை எடுக்கிறார்கள். இவனுக்கு ஆறு. அதை இரண்டாக வெட்டி, நீளவாக்கில் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, அகலத்தை இரட்டிப்பாக்கிக் கொடுப்பார்கள். அதற்கு டபுள் பட்டி என்று பெயர். நம் ஊரில் சேலைக்குப் போடுவதுபோலவே ஓரத்துக்குப் பிக்கோவும் உண்டு. கேட்கும் நிறம் கடையில் இல்லையென்றால் தெருமுனையில் லலாரி இருக்கிறார். கொதிக்கும் அண்டாவில் சாயம் கலக்கி, கையில் கொடுத்த துணியின் நிறத்துக்கு நூல் பிசகாமல் சாயம் ஏற்றித் தருகிறார்.

கடைசியில் ஐந்து எடுத்தார்கள். அம்மா விலை பேசவில்லை. இந்த மாதக் கடைசியில் அவன் கனடா போகிறான். ஒன்டாரியோவில் ஒரு கல்லூரி, மே மாதம் வகுப்பு. "இரண்டு போதும்" என்று ஏன் சொன்னான் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

இந்தக் குடும்பத்தோடு நான் சேர்ந்து திரிவதற்குக் காரணம் மூத்தவன். புனேயில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம், சில வருடங்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முடியை வெட்டக் கூடாது என்பது சீக்கிய நெறி. வெளியூரில் பொறியியல் படிக்கும்போதே அவன் முடியை வெட்டிக்கொண்டவன். இங்கே அப்படிப்பட்டவர்களை மோனா என்பார்கள். அன்று தொலைபேசியை வைத்த அப்பா ஒரு வருடத்துக்கு மேல் அவனோடு பேசவில்லை. இப்போது தம்பி அதே இடத்தில் வந்து நிற்கிறான். போன மாதம் மூத்தவன் என்னைக் கூப்பிட்டு, "அறுவடைக்கு முன்னால் ஒரு வாரம் ஊருக்கு வா. நாங்கள் மட்டும் இருந்தால் சண்டை போடுவோம். வெளியாள் ஒருவர் இருந்தால் பேசுவோம்" என்றான். தம்பியிடம் எழுதலாமா என்று கேட்டேன். பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் வீர்ஜி (அண்ணா) என்றான். ஆகவே இந்தக் குறிப்புகளில் அவன் தம்பிதான்.

மாலையில் பொற்கோயில். குளத்தைச் சுற்றிப் பளிங்குப் பாதையில் நடந்தோம். கோயில் மேல் இருக்கும் தங்கத் தகடு 1830 வாக்கில் மகாராஜா ரஞ்சித் சிங் போட்டுக் கொடுத்தது. அந்தத் தங்கத்தைவிட நான் அதிகம் பார்த்தது குளிப்பவர்களை. தலைப்பாகையை அவிழ்க்காமலே மூன்று முழுக்குப் போடும் பெரியவர்கள், தலையில் பட்கா என்ற சின்னத் துணி கட்டிய பிள்ளைகள். மணிக்கூண்டு வாசலுக்கு மேலே மத்திய சீக்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. குருமார்கள், போர்கள், தியாகிகள் என்று அறை அறையாக ஓவியங்கள். பாய் தாரு சிங்கின் மண்டைத்தோலை உரிக்கும் படத்தின் முன்னால் தம்பி நிற்காமல் கடந்து போனான். "சின்ன வயசில் இதைப் பார்த்து ராத்திரி அழுதேன். அம்மா சீவும்போது சிக்கு இழுத்து வலித்தால், தாரு சிங் அழுதாரா என்று கேட்பார்கள்" என்றான்.

அர்தாஸ் என்ற பிரார்த்தனையின்போது எல்லாரும் எழுந்து நின்றோம். தினமும் உலகமெங்கும் குருத்வாராக்களில் சொல்லப்படுவது அது. அறத்துக்காகத் தலை கொடுத்தவர்கள், மூட்டு மூட்டாக வெட்டப்பட்டவர்கள், மண்டைத்தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் சிதைக்கப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் என்று வரிசையாக நினைவுகூர்ந்து, கேசத்தோடு கடைசி மூச்சுவரை சீக்கியத்தைக் காத்தவர்கள் என்று வந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, கேசம் என்னும் கொடையைத் தா என்று இறைவனிடம் கேட்கும் வரி வருகிறது. அந்த இடத்தில் அப்பாவின் குரல் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. தம்பியின் உதடும் அசைந்தது.

வெள்ளி, தரன் தாரன் பக்கம் ஒரு கிராமம்

கோதுமை பழுத்து நிற்கிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அறுவடை இயந்திரம் இறங்கிவிடும். அதற்குள் இந்த விஷயம் முடிய வேண்டும் என்று அப்பா நினைக்கிறார்.

காலையில் தம்பி தலைப்பாகை கட்டுவதை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன். அவிழ்த்துவிட்டால் முடி இடுப்புக்குக் கீழே வருகிறது. கங்கா என்ற மரச்சீப்பால் நுனியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தான். அதன் பிறகு கடுகெண்ணெய். தலையை முன்னால் கவிழ்த்து முடியை முறுக்கி உச்சியில் ஜூடா போட்டான். அதன் மேல் ஒரு சின்னத் துணி. அடுத்து ஆறு மீட்டர் துணியை நீளவாக்கில் மடிக்க வேண்டும். பூனி பிடிப்பது என்கிறார்கள். ஒரு முனையை இவன் பிடிக்க, மறுமுனையை வராந்தாவின் அந்தக் கோடியில் அம்மா பிடித்தார். இருவரும் இழுத்து, உதறி, மடித்து, மறுபடி இழுத்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் கைகள் ஒரே நேரத்தில் மாறின. பிறகு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலமும் இடமுமாகச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்கு ஒரு விரல் மேலே. காதோரம் நழுவிய முடியைச் சலாய் என்ற இரும்பு ஊசியால் உள்ளே தள்ளினான். நெற்றியில் துணி கூம்பும் இடம் நடுவில் சரியாக வரவில்லை என்று முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்டினான்.

இதைப் பார்த்த பிறகு "முடிதானே" என்ற சொல் என் வாயில் வராது. கேசம் என்றால் தலையில் சும்மா வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்று என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது தினமும் செய்ய வேண்டிய வேலை. பன்னிரண்டு வயதில் தலைப்பாகை சூட்டும் விழா நடக்கும் வரை இவனுக்கு அம்மாதான் சீவிவிட்டிருக்கிறார். ஞாயிறு தோறும் தயிர் தேய்த்துத் தலைகுளிப்பு, வெயிலில் உட்கார்ந்து காயவைப்பது, பேபேயின் மடியில் தலை வைத்துச் சிக்கெடுப்பது. பேபே என்பது பாட்டி. அவர் கைகளுக்கும் இந்த முடியின் எடை தெரியும்.

மத்தியானம் மோட்டார் கொட்டகையில் தம்பி மனம் விட்டுப் பேசினான். அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். கல்லூரி நண்பர்களில் பெரும்பாலானவர்கள் வெட்டிவிட்டார்கள். நெற்றியோரம் முடி ஏறிக்கொண்டே போகிறது, இறுக்கிக் கட்டுவதால் என்று தோல் மருத்துவர் சொன்னார். ரயிலில் போனால் யாராவது ஒருவர் சர்தார் ஜோக் சொல்லிச் சிரிக்கச் சொல்வார். இதெல்லாம் சொல்லிவிட்டு நிறுத்தினான். வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொடர்ந்தான்.

"இதெல்லாம் காரணமில்லை வீர்ஜி. அங்கே அறையில் தனியாக இருப்பேன். காலையில் பூனி பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். துணியின் முனையைக் கதவுப் பிடியில் கட்டிக்கொண்டு மடிக்கிற வீடியோவெல்லாம் இருக்கிறது, பார்த்தேன். பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. இங்கே இருக்கிறவரை வீட்டோடு சேர்ந்து நானும் செய்கிறேன். அங்கே எனக்காக மட்டும் செய்ய வேண்டும். எனக்காக என்றால் செய்வேனா என்று தெரியவில்லை."

கிராமத்து முடிதிருத்தும் கடையைக் கடந்து வந்தோம். உள்ளே நாலு பையன்கள் காத்திருந்தார்கள். சுவரில் பஞ்சாபிப் பாடகர்களின் படங்கள், கச்சிதமாகத் தலைப்பாகை கட்டித் தாடியைக் கத்தரித்து வரி வைத்தவர்கள். இப்போது இளைஞர்களிடம் அதிகம் காண்பது இந்த நடுவழிதான். உள்ளே முடி குட்டை, கல்யாணத்துக்கும் படம் எடுக்கவும் மேலே தலைப்பாகை. நண்பர்கள் இவனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "அது மட்டும் மாட்டேன்" என்றான். "வைத்தால் வைக்கிறேன், வெட்டினால் வெட்டுகிறேன். வெட்டிவிட்டு மூடிக்கொண்டு போனால் பாபுஜி முகத்தைப் பார்க்க முடியாது." எனக்கு அவன் மேல் மதிப்பு கூடியது அப்போதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கேசம் ஆணுக்கு மட்டுமான நெறி இல்லை. உடம்பில் எந்த முடியையும் எடுக்கக் கூடாது என்பது பெண்ணுக்கும்தான். மாலையில் வந்திருந்த சித்தி மகள் புருவம் திருத்தியிருந்தாள். அதை இந்த வீட்டில் யாரும் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தம்பியின் தலையில் மட்டும் இத்தனை கண்கள்.

சனி, பூலா

பாய் தாரு சிங் பிறந்த பூலா கிராமம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா எங்களை அங்கே அழைத்துப் போனார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

தாரு சிங் வாளெடுத்தவர் இல்லை, உழவர். முகலாய ஆட்சிக்கு அஞ்சிக் காடுகளில் ஒளிந்திருந்த சீக்கியர்களுக்குத் தன் வயலின் தானியத்தில் ரொட்டி சுட்டு அனுப்பியவர். காட்டிக்கொடுக்கப்பட்டார். லாகூர் ஆளுநர் ஜக்கரியா கான் முன்னால் நிறுத்தினார்கள். மதம் மாறி முடியைக் கொடு, உயிர் பிழைக்கலாம் என்றார்கள். மறுத்தவரின் மண்டைத்தோலை முடியோடு செதுக்கி எடுத்தார்கள். இது நடந்தது 1745. மரபுக் கணக்குப்படி அவருக்கு இருபத்தைந்து வயது.

குருத்வாராவில் வணங்கிவிட்டு லங்கர் என்ற பொது உணவுக்கூடத்தில் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். வெளியே வேப்பமரத்தடியில் அப்பா மகனிடம் அமைதியாக, "உன்னைவிட மூன்று வயது பெரியவர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. அவரிடம் சொல்லும் உரிமை எனக்கில்லை என்று அப்போது பேசாமல் இருந்தேன், இங்கே எழுதுகிறேன். தாரு சிங்கின் முன் நின்றது கத்தி. மாறச் சொன்னவன் எதிரி, அவனை முகத்துக்கு முகம் பார்த்து மறுக்க முடிந்தது. இந்தப் பையனை யாரும் மிரட்டவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் பார்வை, வேலை நேர்காணலில் ஒரு நொடி தயக்கம், அறையில் தனியாகக் கழியும் காலை. எதிரி இல்லாத இடத்தில் தியாகியைக் கொண்டுவந்து நிறுத்தினால் பையன் தன்னைக் கோழை என்று மட்டுமே நினைத்துக்கொள்வான்.

இரவு பேபே பேசினார். அவருடைய அண்ணன் டெல்லியில் டாக்சி ஓட்டியவர், திரிலோக்புரியில் குடியிருந்தார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். மறுநாளிலிருந்து சீக்கியர்களைத் தெருவில் இழுத்துப்போட்டுக் கொன்றார்கள். டெல்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர் என்பது பின்னால் அரசுக் குழு சொன்ன கணக்கு. தலைப்பாகையும் தாடியும்தான் அடையாளம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் பேபேயின் அண்ணனைச் சமையலறையில் ஒளித்துவைத்தது. அந்த வீட்டம்மா அழுதுகொண்டே தையல் கத்தரியால் அவர் முடியை வெட்டினார். அன்று டெல்லியில் பல சீக்கியர்கள் அப்படித்தான் உயிர் தப்பினார்கள். வெட்டிய முடியை அவர் எறியவில்லை. துணியில் கட்டி வைத்திருந்து, ஊர் திரும்பியதும் கீரத்பூரில் சட்லஜ் ஆற்றில் விட்டார். அங்கேதான் சீக்கியர்கள் தங்கள் இறந்தவர்களின் அஸ்தியைக் கரைப்பது வழக்கம்.

"மறுபடி வளர்த்தாரா?" என்று கேட்டேன்.

"வளர்த்தான். ஆனால் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டான்" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "அவன் உயிருக்காக வெட்டினான், வாகேகுரு அவனை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். நீ எதுக்காக என்று எனக்குச் சொல்லிவிட்டு வெட்டு. சொல்லும்படியான காரணமாக இருந்தால் நானே கத்தரி எடுத்துத் தருகிறேன்" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

உறங்கப் போகும்முன் பேபே என்னிடம், உங்கள் ஊரில் சாமிக்கு முடி கொடுப்பார்களாமே, உண்மையா என்றார். பழனியில் என் மகளுக்கு முதல் மொட்டை போட்ட கதையைச் சொன்னேன். குழந்தை அழுததா என்று கேட்டார். அழுதது என்றேன். "இங்கேயும் அழும், சீவும்போது" என்றார்.

ஞாயிறு, ஜலந்தர் வழியாக

ஆனந்த்பூர் சாஹிப் போகிறோம். அமிர்தசரஸிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இது அப்பாவின் முடிவு: வெளிநாடு போகும்முன் அங்குள்ள கேஸ்கர் சாஹிப் குருத்வாராவில் தலை வணங்க வேண்டும். பேபேயும் அம்மாவும் வீட்டில். காரில் நாங்கள் நாலு பேர். மூத்தவன் ஓட்டினான்.

ஜலந்தரை நெருங்க நெருங்கச் சாலையின் இருபக்கமும் விசா, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு விளம்பரப் பலகைகள். பயிர் தெரியாத அளவுக்கு. இந்த தோவாபா பகுதியில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீடுகளின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை விமான வடிவில் கட்டி வைத்திருக்கிறார்கள். தல்ஹன் கிராமத்துக் குருத்வாராவில் விசா கிடைக்க வேண்டிக்கொண்டு பொம்மை விமானம் காணிக்கை செலுத்துகிறார்கள். வாசலில் கடைகளில் எல்லா நிறுவன விமானமும் கிடைக்கிறது. நாங்கள் இறங்கி வணங்கினோம், விமானம் வாங்கவில்லை.

அங்கிருந்து கிளம்பியதும் காருக்குள் அந்தப் பேச்சு தொடங்கியது. தொடங்கியவன் மூத்தவன். கனடாவில் தலைப்பாகை ஒரு தடையே இல்லை, அந்தச் சாக்கைத் தம்பி சொல்ல வேண்டாம் என்றான். வியப்பாக இருந்தது, வெட்டியவன் அவன். ஆனால் அவன் சொன்னது உண்மை. பல்தேஜ் சிங் தில்லனுக்காக 1990இல் கனடாவின் மத்திய போலீஸ் தன் சீருடைத் தொப்பி விதியை மாற்றியது. பிரிட்டனில் 1976 முதல் தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஹெல்மெட் போட வேண்டியதில்லை. ஒன்டாரியோவில் 2018இல் அதே விலக்கு வந்தது. கியூபெக் மாகாணத்தில் மட்டும் 2019 சட்டப்படி அரசுப் பள்ளி ஆசிரியர், போலீஸ் போன்ற பணிகளில் மதச் சின்னம் அணியக் கூடாது. இவன் போவது அங்கில்லை. இந்த உரிமைகள் எல்லாம் யாரோ வேலையை இழந்து, நீதிமன்றம் ஏறி, தெருவில் நின்று வாங்கியவை.

"அப்படியென்றால் நீ ஏன் வெட்டினாய்?" என்றார் அப்பா. இத்தனை வருடத்தில் அவர் அவனிடம் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று மூத்தவன் இரவு என்னிடம் சொன்னான்.

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான். விடுதியில் முதல் வாரம் சீனியர்கள் தலைப்பாகையை இழுத்து அவிழ்த்தார்கள். இரண்டாவது தடவையும் அவிழ்த்தபோது, இனி யாரும் அவிழ்க்கும்படி ஒன்று என்னிடம் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதை உங்களிடம் சொல்ல வெட்கம். நீங்களும் கேட்கவில்லை.

நவாஷஹர் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. பிறகு மூத்தவன்தான் தொடர்ந்தான். நான் தினமும் காலையில் ஜப்ஜி சாஹிப் பிரார்த்தனை ஓதுகிறேன், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிறேன். ஆனால் பிறப்பால் கேசதாரியாக, அதாவது கேசம் வைத்தவனாக இருந்து வெட்டியதால் நான் பதித், நெறி தவறியவன். குருத்வாராக்களை நிர்வகிக்கும் எஸ்.ஜி.பி.சி. தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தம் கேசம் வைக்காமல் சீக்கியத்தைப் பின்பற்றும் சஹஜ்தாரிகளின் ஓட்டையும் எடுத்துவிட்டது. 2009இல் உயர் நீதிமன்றமே, புருவம் திருத்திய மாணவிக்குச் சீக்கியர் ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் மறுத்தது சரி என்றது. கேசம் இல்லாமல் சீக்கியம் இல்லை என்று நீதிபதிகளும் எழுதிவிட்டார்கள். நம் புனித நூலான குரு கிரந்த் சாஹிபிலேயே கபீர் சொல்கிறார், ஒருவனிடம் அன்பு வைத்தால் இருமை போய்விடும், நீண்ட முடி வைத்தாலும் சரி, மழித்தாலும் சரி என்று. அது எந்தக் கணக்கு?

அப்பா நிதானமாகப் பதில் சொன்னார். அது வேஷத்தால் கடவுளை அடையலாம் என்று எண்ணிய துறவிகளுக்குச் சொன்னது. அதே கிரந்தத்தில்தான் குரு அர்ஜன், முழுமை குலையாத உருவத்தையும் தலையில் தஸ்தாரையும் (தலைப்பாகையையும்) சொல்கிறார். என் கேசத்தால் உன் அடியாரின் காலைத் துடைப்பேன் என்று பாடியதும் அவர்தான். கேசம் கடவுளை வாங்கும் விலை இல்லை, அவர் கொடுத்ததை அப்படியே வைத்திருப்பது. இதைச் சொல்லிவிட்டு, "அந்தப் பையன்கள் பெயர் என்ன?" என்றார். விடுதிச் சீனியர்களின் பெயர்கள். மூத்தவன் சிரித்துவிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறந்துவிட்டது பாபுஜி என்றான்.

கீரத்பூரில் இறங்கி ஆற்றங்கரை வரை போனோம். பேபேயின் அண்ணன் துணி மூட்டையைக் கரைத்த இடம் எது என்று கேட்க ஆளில்லை.

திங்கள், ஆனந்த்பூர் சாஹிப்

சிவாலிக் மலையடிவாரத்தில் மேட்டின் மேல் வெள்ளைக் கோட்டை மாதிரி நிற்கிறது தக்த் கேஸ்கர் சாஹிப். 1699 வைசாகி நாளில் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பை உருவாக்கியது இங்கே. பெருங்கூட்டத்தின் முன் உருவிய வாளோடு நின்று ஒரு தலை வேண்டும் என்று கேட்டார். கூட்டம் கலங்கியது. ஒருவர் எழுந்தார். கூடாரத்துக்குள் அழைத்துப்போய், திரும்பி வந்து இன்னொரு தலை கேட்டார். இப்படி ஐந்து பேர். லாகூர்க்காரர் தயா சிங், அஸ்தினாபுரத்து தரம் சிங், புரி ஜெகந்நாதத்து ஹிம்மத் சிங், துவாரகையின் மொஹ்கம் சிங், பீதரிலிருந்து வந்த சாஹிப் சிங். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீரும் பதாசா என்ற சர்க்கரை மிட்டாயும் சேர்த்து, கண்டா என்ற, இருபுறமும் கூரான வாளால் கலக்கி அவர்களுக்கு அமிர்தம் கொடுத்தார் குரு. பிறகு அந்த ஐவர் கையால் தானும் வாங்கிக்கொண்டார். அந்தக் கண்டா இங்கே பாதுகாக்கப்படுகிறது, பார்த்தோம்.

ஐவரில் சாஹிப் சிங் நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்கிறது மரபு. அப்பா இதைச் சொன்னபோது தம்பி நிமிர்ந்து பார்த்தான். கத்தரியைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்திலிருந்து வந்து, முடி வெட்டக் கூடாது என்ற நெறியை முதலில் ஏற்ற ஐவரில் ஒருவராக நின்றார் அவர். அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன் விலகி நடந்தவன், பூலாவில் தலை குனிந்தவன், இங்கே மட்டும் கேள்வி மேல் கேள்வி கேட்டான். பீதரிலிருந்து எப்படி வந்தார், வீட்டில் சொல்லிவிட்டு வந்தாரா, அவர் அப்பா என்ன சொன்னார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததில் அவருக்கு வருத்தமும் இல்லை, மகன் கேட்கிறானே என்ற மகிழ்ச்சிதான் முகத்தில் தெரிந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். தம்பி பேசினான். யாரையும் குற்றம் சொல்லாமல், அவசரமும் இல்லாமல்.

"அந்த ஐந்து பேரும் தாங்களாக எழுந்து நின்றார்கள் பாபுஜி. உட்கார்ந்திருந்தவர்களை குரு ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து நிற்கவே இல்லை. பிறந்தபோதே என்னை நிறுத்திவைத்துவிட்டீர்கள். இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். நிற்பது பிடித்திருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நேரம் கேட்கிறேன்."

இதைக் கேட்டதும் நாலு நாளாக நான் சுற்றிச் சுற்றி வந்த இடம் எனக்கும் பிடிபட்டது. அவன் தேடுவது கத்தரியை என்று எல்லாரும் நினைத்தோம், நானும்தான் பாதி அப்படி நினைத்தேன். அவன் தேடியது ஒப்புக்கொள்ளும் வாய்ப்பை. மறுக்க முடியாதவனால் ஒப்புக்கொள்ளவும் முடியாது. சீக்கிய நெறியிலும் அமிர்தம் எடுப்பது பிறப்போடு வருவதில்லை, வளர்ந்து தானாக வந்து கேட்க வேண்டும். கேசம் மட்டும் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. கேட்டு வாங்கிக்கொள்ளும் நாள் ஒன்று அதற்கும் இந்தப் பையன்களுக்கு வேண்டியிருக்கிறது. அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். வந்ததிலிருந்து நான் அவரிடம் சொன்ன ஒரே அபிப்பிராயம். அவர் கோபப்படவில்லை. என் தொடையில் தட்டினார்.

கீழே கடைத்தெருவில் மூத்தவன் தம்பிக்கு ஒரு மரக் கங்கா வாங்கினான். பூனி பிடிக்கும் தனி இரும்புக் கொக்கியும் ஒரு கடையில் இருந்தது. சுவரில் அடித்துக்கொண்டால் ஆள் வேண்டாம். அதையும் வாங்கினான். "வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள்" என்று தம்பி சொல்ல, "அப்போது என்னை வீடியோவில் கூப்பிடு, பிடிக்க முடியாது, பேசிக்கொண்டாவது இருப்பேன்" என்றான்.

காருக்குப் போகும் வழியில் அப்பா தம்பியை நிறுத்தி அவர் தரப்பு நிபந்தனையைச் சொன்னார். "கட்டிக்கொண்டு போ. ஒரு வருடம் பார். அதற்குப் பிறகு வெட்டுவதாக இருந்தால், வெட்டும் முன் நீயே எனக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். யாரோ அனுப்பிய படத்தில் பார்த்து நான் தெரிந்துகொள்ளக் கூடாது."

"சொல்கிறேன். ஆனால் நான் சொல்லும்போது நீங்கள் போனை வைத்துவிடக் கூடாது."

அப்பா மூத்தவனைப் பார்த்தார். "வைக்க மாட்டேன்" என்றார்.